சிசிலி பாடிய கேசட்

மதுரை டாக்டர் எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். சிசிலியின் தொண்டைக் கழலை வெளியே தெரிந்ததைவிட உள்ளே பெரிதாக வளர்ந்திருந்தது. மூச்சுக்குழாயை அது ஒரு பக்கமாகத் தள்ளி நசுக்கிக்கொண்டிருந்தது.

"இத எடுத்தே ஆகணும்மா. தள்ளிப்போட்டா ஒருநாள் படுத்த எடத்துலயே மூச்சு நின்னுரும்."

"எடுத்தா பாட முடியுங்களா?" என்று சிசிலி கேட்டாள்.

டாக்டர் அவளை விட்டுவிட்டு அவள் புருஷன் சூசையப்பனைப் பார்த்தார். "குரலுக்குப் போற நரம்பு இத ஒட்டித்தான் போகுது. கழலை அதையும் சேத்து வளைச்சிருக்கு. காப்பாத்தத்தான் பாப்போம், ஆனா உறுதி சொல்ல முடியாது. பேச்சே குசுகுசுன்னு ஆனாலும் ஆகலாம். மொதல்ல உசிரு இருக்கட்டும்."

ஆகஸ்டு முதல் வாரம் படுக்கை காலியாகும், வந்து சேருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். 1978-ம் வருஷம் அது. அப்போதே ஜூலை பாதி ஓடிவிட்டிருந்தது.

போடிமெட்டு ஏறும் பஸ்ஸில் சிசிலி கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். சூசையப்பன் இரண்டு மூன்று தடவை ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. மெட்டில் மூடுபனி பஸ்ஸுக்குள் வந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"வேதமுத்து கொண்டாந்திருக்கான்ல, அந்த டேப் ரிக்கார்டர். அது எனக்கு வேணும்ங்க."

வேதமுத்து அவளுடைய தம்பி. துபாயிலிருந்து அந்த மாதம்தான் லீவில் வந்திருந்தான்.

சாந்தன்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் சிசிலி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். சூசையப்பன் அங்கேயே பாக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் கடைசி வீடு அவர்களுடையது. சிசிலிக்குப் பாட்டுக் கட்ட வரும். கோயில் பாட்டோ சினிமாப் பாட்டோ அல்ல. ஒழுகுகிற கூரை, கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையை எட்டி உதைத்த சூப்பர்வைசர், பனிக்குள் காணாமல் போகும் எதிர்மலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பாட்டாக்கினாள். கோயிலில் கழுத்து உடைந்து ஒதுக்கிப் போட்ட கிட்டார் ஒன்றைச் சாமியாரிடம் கேட்டு வாங்கி வந்தாள். சூசையப்பன் அதற்குப் பட்டை கட்டி ஒட்டிக்கொடுத்தான். வாசிக்க யாரும் சொல்லித்தரவில்லை. இலங்கை வானொலியில் வரும் இங்கிலீஷ் பாட்டுகளைக் கேட்டு, ஒரு வார்த்தையும் புரியாமல், விரலை வைத்துவைத்துப் பார்த்துப் படித்துக்கொண்டாள். "என்ன சொல்றாங்கன்னு தெரியலங்க. ஆனா யாரு மேலயோ கோவமா இருக்காங்க," என்பாள். அந்தக் கோபம் அவளுக்குப் பிடித்திருந்தது.

கிட்டார் சத்தம் போதவில்லை என்று அவள் சொன்னதால், சூசையப்பன் பழைய டெலிபோன் ரிசீவரின் காந்தச்சுருளைக் கழற்றி கிட்டாரில் கட்டி, அதன் வயரை ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் கொடுத்தான். ரேடியோவிலிருந்து கிட்டார் உறுமியது. சத்தம் கிழிந்து, கரகரவென்று, நாய் சங்கிலியை இழுப்பதுபோல வந்தது. சூசையப்பன் அதைச் சரிசெய்யப் போனான். சிசிலி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பிடியே இருக்கட்டும்."

லயத்தில் சிலர் சிரித்தார்கள். பேயோட்டுற பாட்டு என்றார்கள். பக்கத்து வீட்டுப் பூமாரி மட்டும் வேலைக்காட்டில் அவள் பக்கத்துத் தேயிலை நிரையைக் கேட்டு வாங்கிக்கொள்வாள், பாட்டுக் கேட்பதற்காக.

அந்தப் பூமாரிகூடக் கேட்காத ஒரு பாட்டு சிசிலியிடம் இருந்தது.

இரண்டு மழைக்கு முன்னால் அவர்களுடைய ஒரே மகள் பிலோமி இறந்துபோனாள். நாலு வயசு. நெஞ்சுச்சளியும் காய்ச்சலும். அன்றைக்கு மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. காட்டுக்குள்ளே குறுக்குவழியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம் என்று சிசிலி சொன்னாள். மண்ணை அள்ளியதும் ஜீப் அனுப்புவதாக ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள், கொட்டுகிற மழையில் பிள்ளையை நனைக்கவேண்டாம் என்று சூசையப்பன் சொன்னான். விடிந்ததிலிருந்து காத்திருந்தார்கள். ஜீப் மத்தியானம் வந்தது. பிலோமி வழியில் கண்ணை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் காலைநேரத்தைப் பற்றி இருவரும் ஒருவரிடம் ஒருவர் பேசியதில்லை. சேர்ந்து சாப்பிட்டார்கள், சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனார்கள், கல்லறைக்குப் பூ வைத்தார்கள். அது மட்டும் பேச்சில் வரவில்லை.

வேதமுத்து டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே ஒரே ஒரு காலி கேசட். "இதான்க்கா இருக்கு. ரெண்டு பக்கமும் சேத்து ஒரு மணி நேரம் ஓடும். போதுமா?"

"போதணும்," என்றாள் சிசிலி.

சூசையப்பனுக்கு ராத்திரி ஷிப்டு. பகலில் எல்லாரும் காட்டுக்குப் போனபின் லயம் காலியாகிவிடும். அந்தப் பொழுதில் பதிவதென்று முடிவு செய்தார்கள். ஆனால் மழை விடவில்லை. தகரக் கூரையில் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. முதல் நாள் பதிந்ததைப் போட்டுப் பார்த்தபோது மழை மட்டும்தான் இருந்தது, அதற்குள் எங்கோ புதைந்த ஒரு பெண்ணின் குரல். சிசிலி தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

சூசையப்பன் பாக்டரிக்குப் போய்க் கழிவுத்தூளைச் சாக்குச்சாக்காகக் கேட்டு வாங்கிச் சுமந்துகொண்டு வந்தான். கூரையில் ஏறி மூட்டைகளைச் சேர்த்துச்சேர்த்து அடுக்கினான். மழை சாக்கில் விழுந்து சத்தமில்லாமல் இறங்கியது. கூரை ஓரத்திலிருந்து கறுப்புத் தேயிலைத் தண்ணீர் சொட்டியது. உள்ளே சன்னலுக்குக் கம்பளியும், கதவுக்குச் சாக்கும் கட்டினான். மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்பேனரில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றித் தாளத்துக்கு வைத்துக்கொண்டான். டேப் ரிக்கார்டரின் பட்டனை அழுத்துவதும் நிறுத்துவதும் அவன் வேலை.

அதற்குள் சிசிலியின் மூச்சு மோசமாகிக்கொண்டே வந்தது. படுத்தால் தொண்டையில் சீழ்க்கை அடிப்பதுபோலச் சத்தம் வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். சாயங்காலம் குரல் உடைந்துவிடும். அதனால் காலையில், கஞ்சித்தண்ணீர் குடித்த கையோடு பாடினாள். நீளமாக இழுக்கிற இடத்தில் மூச்சு பாதியில் கத்தரித்தது. அங்கேயெல்லாம் வரியைச் சிறிதாக்கிக்கொண்டாள். ஒரு பாட்டு முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முகம் நீலம் பாரித்துவிடும்.

"போதும் சிசிலி. நாளைக்கே கெளம்பி ஆஸ்பத்திரியில போய்க் கெடப்போம். எடம் இல்லன்னா வராந்தாவுல படுத்துக்கலாம்," என்பான் சூசையப்பன்.

"இன்னும் இருக்குங்க."

"செத்துப் போயிருவ."

"பாடாமப் போனாலும் அதானே."

ஒழுகுகிற கூரைப் பாட்டு, சூப்பர்வைசர் பாட்டு, எதிர்மலைப் பாட்டு என்று ஒவ்வொன்றாகக் கேசட்டில் ஏறியது. ரேடியோ உறுமியது, தகரம் அதிர்ந்தது, அவள் குரல் அவற்றின் மேலே ஏறி நின்றது. ஒரு பாட்டின் நடுவே பூமாரி வீட்டுக் கோழி கூவிவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பப் பதிய சிசிலிக்கு மூச்சு இல்லை. கோழியும் இருக்கட்டும் என்று விட்டார்கள். இரண்டாம் பக்கத்தின் முடிவில் கொஞ்சம் நாடா மிச்சமிருந்தது.

"ஒரு பாட்டு இருக்கு. நீங்க கேட்டதில்ல. இதுக்குத் தாளம் வேணாம்," என்றாள்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு பட்டனை அழுத்தினான். சிசிலி கிட்டாரை மெதுவாகத் தட்டி ஆரம்பித்தாள்.

மண்ணு சரிஞ்சது ரோட்டுல,
நீ நின்னே ஜீப்பப் பாத்து.
குறுக்குவழி கெடந்தது காட்டுல,
எம்புள்ள கெடந்தா காத்து.

சூசையப்பன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனை ஒருதடவைகூட 'நீ' என்று சொன்னதில்லை. கோபத்திலும் 'நீங்க'தான். அவள் கை கம்பிகளில் ஓங்கி விழுந்தது. ரேடியோ அலறியது.

தூக்குன்னு சொன்னேனே, நீ தூக்கலியே!
தூக்குன்னு சொன்னேனே, நீ தூக்கலியே!

அவன் விரல் தானாகப் பட்டன் மேல் போனது. நாடா நின்றது. சிசிலிக்கு அது தெரியாது. கடைசிவரை பாடினாள். பாடி முடித்து, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்து, கொஞ்சம் ஆறியபின்தான் அவனைப் பார்த்தாள்.

"பதிஞ்சுச்சா?"

"இல்ல. பேட்டரி தீந்துருச்சு," என்றான் சூசையப்பன். "பாதியில நின்னுருச்சு."

அவன் வெளியே போனான். மழையில் நின்று பீடி பற்றவைக்கப் பார்த்தான், தீக்குச்சி நமத்துப்போயிருந்தது. உள்ளே சிசிலி டேப் ரிக்கார்டரின் பின்மூடியைத் திறந்து பேட்டரிகளை எடுத்து டார்ச்சில் போட்டு அமுக்கினாள். எரிந்தது.

அவன் திரும்பி வந்தபோது டார்ச் அவள் மடியில் எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க நிறுத்துனீங்க."

"ஆமா."

"எதுக்கு?"

"இத ஊரு பூராக் கேக்கும் சிசிலி."

"கேக்கட்டும்."

"நான் வேணும்னா செஞ்சேன்?" அவன் குரல் உயர்ந்தது. "ஆபீசுல ஜீப்பு வருதுன்னாங்க. அந்த மழையில, அட்டைக்காட்டுல, வழியிலயே போயிட்டான்னா என்ன செய்யிறதுன்னு பயந்தேன். பயந்துதான் நின்னேன். என் புள்ள இல்லையா அவ?"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா இப்பிடிப் பாடுற?"

"தெரிஞ்சுதான் ரெண்டு வருசமா வாயத் தொறக்கல." அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். "உங்களுக்குச் சோறு போடும்போதெல்லாம் இது வாய்க்குள்ள நிக்கும். முழுங்குவேன். இனிமே தொண்டையே இல்லாமப் போகப்போகுது. இதச் சொல்லாம ஊமையானேன்னா, உள்ளயே கெடந்து அழுகிரும். அப்புறம் உங்களோட எப்பிடிங்க நான் இருப்பேன்?"

மேலும் பேசப் போனாள். முடியவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. சீழ்க்கைச் சத்தம் வந்தது, பிறகு அந்தச் சத்தமும் நின்றது. இரண்டு கைகளாலும் காற்றைப் பிடிப்பதுபோல அலைந்தாள். கண் வெளியே வந்துவிடும்போல் இருந்தது. சூசையப்பன் அவளைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்துத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று கத்தினான். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு இழை மூச்சு உள்ளே போனது. பிறகு இன்னொன்று.

அவளை அப்படியே அணைத்தபடி அவன் அன்று ராத்திரி வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் வேதமுத்துவிடம் ஆள் அனுப்பி, மதுரை போக ஜீப் ஒன்றைக் கையோடு பிடித்துவரச் சொன்னான். டேப் ரிக்கார்டரில் பேட்டரிகளைத் திரும்பப் போட்டான். நாடாவைப் பின்னால் சுற்றி, அந்தப் பாட்டு தொடங்கிய இடத்தில் நிறுத்தினான். கிட்டாரை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"ஜீப்பு வர்றதுக்குள்ள பாடு."

அவள் அவனையே பார்த்தாள்.

"பாடு. நிறுத்த மாட்டேன்."

சிசிலி ஆரம்பித்தாள். நேற்றிருந்த குரல் இல்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மூச்சுக்காக நிற்கவேண்டியிருந்தது. நின்றால் தாளம் தப்பியது. தாளம் தப்பினால் அடுத்த வரி எங்கே ஏறுவது என்று தெரியாமல் தடுமாறினாள். இரண்டாவது வரியிலேயே கை நின்றுவிட்டது. அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. நாடா ஓடிக்கொண்டிருந்தது.

சூசையப்பன் ஸ்பேனரை எடுத்துத் தகரத்தில் அடித்தான். ஒரே சீராக, பலமாக. அவள் மூச்சை வாங்கி முடித்து வருகிறவரைக்கும் அந்த அடி அவளுக்காக இடத்தைப் பிடித்துவைத்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அடுத்த வரி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. 'நீ தூக்கலியே' என்று அவள் கத்திய ஒவ்வொரு தடவையும் தகரம் அவன் கையால் அதிர்ந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே அடித்தான். கடைசி வரி பாட்டாக இல்லை, வெறும் கிழிந்த சத்தமாக வந்து முடிந்தது. நாடா அதற்குச் சற்றுப் பின்னால் தீர்ந்து, பட்டன் தானாக மேலே எழும்பியது.

ஜீப் ஹாரன் அடித்தபோது அவளை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு போனான்.

ஆபரேஷன் முடிந்தது. சிசிலி பிழைத்தாள். கழலை நரம்பைத் தின்றுவிட்டிருந்தது. முடிந்தவரை பார்த்தோம் என்று டாக்டர் சொன்னார். கட்டைப் பிரித்த அன்று அவள் சூசையப்பனின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். காற்று மட்டும் வந்தது. காதை வாயருகே வைத்தால் கேட்கிற காற்று.

லயத்துக்குத் திரும்பியபின் அவள் கேசட்டைத் தொடவில்லை. கிட்டாரைப் பரணில் போட்டுவிடச் சொன்னாள். ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டினாள். ஒருநாள் வீட்டுக்குப் பின்னால், யாரும் இல்லாத நேரத்தில், எதிர்மலையைப் பார்த்து முழுப் பலத்தோடு வாயைத் திறந்து பாடிப்பார்த்தாள். நெஞ்சு விம்மியது, கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் மேய்ந்த ஆடுகூடத் தலையைத் தூக்கவில்லை. அன்றைக்கு அவள் மண்ணில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்ததைச் சன்னல் வழியாகச் சூசையப்பன் பார்த்தான். பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை.

மழை விட்டு வெயில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பூமாரி வந்து கேட்டாள். "அண்ணே, அக்கா பாடிவச்சது இருக்குல்ல. போடுங்களேன். காட்டுல ஒரே சத்தமில்லாமக் கெடக்கு. பொம்பளைங்கல்லாம் கேக்குறாங்க."

சூசையப்பன் சிசிலியைப் பார்த்தான். அவள் பரணை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

வேதமுத்து துபாய்க்குத் திரும்பும்போது டேப் ரிக்கார்டரை அக்காவிடமே விட்டுப் போயிருந்தான். சூசையப்பன் அதைக் கொண்டுபோய் லயத்து முற்றத்தில் துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்தான். ஆட்கள் வந்து நின்றார்கள். சூப்பர்வைசர் பாட்டுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோழி கூவியதும் பூமாரி கையைத் தட்டினாள். சிசிலி வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வேறு யாரோ பாடுவதைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

கடைசிப் பாட்டு வந்தது. சிரிப்பு அடங்கியது. பிலோமியைத் தெரியாதவர் லயத்தில் கிடையாது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பூமாரியின் புருஷன் மொக்கையன், "மச்சான், நிறுத்திரவா?" என்று மெல்லக் கேட்டான்.

"ஓடட்டும்," என்றான் சூசையப்பன். கல்லின் பக்கத்திலேயே, எல்லாரும் பார்க்கும்படி, நாடா தீரும்வரை நின்றான். முடிந்ததும் ஆட்கள் கலைந்துபோனார்கள். அன்று ராத்திரி சிசிலி அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அப்படி உட்கார்ந்ததில்லை.

பிறகு சிசிலி வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஒருநாள் கொழுந்து எடுக்கும்போது மேல் நிரையிலிருந்து பாட்டு கேட்டது. அவளுடைய பாட்டு. பூமாரி எடுத்துக்கொடுக்க, நாலைந்து பெண்கள் சேர்ந்து பாடினார்கள். சிசிலியின் கை செடி மேல் அப்படியே நின்றது. தொண்டையில் காற்று ஏறி இறங்கியது.

தூக்குன்னு சொன்னேனே, யாரும் தூக்கலியே!
தூக்குன்னு சொன்னேனே, யாரும் தூக்கலியே!

சிசிலி கூடையோடு செடிகளை விலக்கிக்கொண்டு மேலே ஏறினாள். கிளைகள் காலைக் கீறின. மூச்சிரைக்கப் பூமாரியின் முன்னால் போய் நின்று, அவள் தோளைப் பிடித்து இழுத்து, காதில் வாயை வைத்தாள்.

"யாரும் இல்ல. நீ."

"இல்லக்கா," பூமாரி சங்கடத்தோடு நெளிந்தாள். "புருசன நீன்னு சொல்லி... அண்ணனுக்குக் கேட்டா மனசு கஷ்டப்படும்னு நாங்களாத்தான் மாத்துனோம்."

"அந்தப் பாட்டுக்குத் தகரத்த அடிச்சதே அவருதான்," என்றாள் சிசிலி. காற்றாகத்தான் வந்தது, ஆனால் பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் கேட்டது. "உள்ளபடி பாடு."

பூமாரி மற்றவர்களைப் பார்த்தாள். கூடையைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாள். சிசிலி தன் நிரைக்குத் திரும்பவில்லை. அங்கேயே நின்று, அந்த வரி வருகிறவரைக்கும் பூமாரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.